பத்தொன்பதாவது போர்ட்

பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே கதவைச் சாத்தச் சொன்னார் வெள்ளியங்கிரி.

பிரவீனா எழுந்து போய்ச் சாத்தினாள். கதவைச் சாத்தியும் தறிச் சத்தம் குறையவில்லை. குமாரபாளையத்தில் எந்த ஆபீசுக்குப் போனாலும் அந்தச் சத்தத்துக்கு மேலேதான் பேச வேண்டும். ரகசியம் பேசுகிறவர்களும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசியாக வேண்டும்.

"அம்மிணி, இந்த நெட்வொர்க் சுவிட்ச்ச மாட்டுனா ஆரு என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியுமா?"

"எந்த வயர்ல எந்தக் கம்ப்யூட்டர் இருக்குது, அதுல எவ்வளவு ஓடுதுன்னு தெரியுங்கண்ணா."

"அது போதாது. ஒருத்தரு கம்ப்யூட்டர்ல ஓடறது அப்படியே என்ற கம்ப்யூட்டருக்கும் வர்ற மாதிரி பண்ணலாம்னு சொன்னாங்களே."

"பண்ணலாங்க. மிரர்னு சொல்லுவாங்க. ஆனா அவங்க எழுதறதைப் பூராம் படிச்சுட முடியாதுங்க. எங்க அனுப்புனாங்க, எவ்வளவு அனுப்புனாங்கங்கற வரைக்கும் தெரியும்."

"அது போதும். டிசைன் போடற தேவிப்ரியாவுக்குப் போட்டுடு. அவளுக்குத் தெரியக் கூடாது."

பிரவீனா அட்டைப் பெட்டியின் மேலிருந்த டேப்பைக் கத்தியால் கீறினாள். ஆட்டையாம்பட்டியிலிருந்து தன் ஆம்னி வேனில் தனியாக வந்து கேமரா, பயோமெட்ரிக், நெட்வொர்க் வேலை செய்கிறவள் அவள். இரண்டு வருடத்துக்கு முன் இதே ஆபீசில் கேமரா மாட்டியவளும் அவள்தான். குமாரபாளையத்தில் ஒரு முதலாளி திருப்தியாக இருந்தால் நாலு முதலாளிகள் கூப்பிடுவார்கள். ஒருவர் முகம் சுளித்தாலும் அதே நாலு பேருக்கும் அன்று சாயந்திரத்துக்குள் தெரிந்துவிடும்.

"என்னங்கண்ணா நடந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வெள்ளியங்கிரி மேஜை மேல் இரண்டு பெட்சீட்டை விரித்துப் போட்டார். இரண்டிலும் ஓரத்தில் புளிய இலை மாதிரி சின்னச் சின்னதாகப் பார்டர். ஒன்று அவர் தறியில் ஓடியது. இன்னொன்று அவரிடம் சரக்கு வாங்கும் கரூர் பையரிடமிருந்து வந்தது. அவருடைய சாம்பிள் கரூருக்குப் போய்ச் சேர்வதற்குள், ஈரோட்டு ஏஜென்ட் ஒருவன் மூலமாக இதே பார்டர் வேறு யார் பேரிலோ அங்கே போயிருந்தது. யாருடையது என்று கேட்டால் ஏஜென்ட் வாயைத் திறக்கவில்லை. இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஒரு கட்டம் போட்ட டிசைன். ஏதோ தற்செயல் என்று அதை விட்டுவிட்டார்.

"டிசைன் போடறது அவ ஒருத்திதான். அவ கையிலிருந்து போகாம வேற எங்கிருந்து போகும்?"

"வேற ஆரும் அதைப் பாக்க மாட்டாங்களா?"

"தங்கமுத்து இருபது வருசமா எங்கிட்ட இருக்கறவரு. மத்ததெல்லாம் பில் போடற புள்ளைக. இந்தப் புள்ள வாழப்பாடி. வந்து ரெண்டு வருசங்கூட முடியலை. நம்ம பக்கம் ஒறம்பரை சனம் யாருமில்லை, கேக்கறதுக்கு ஆளில்லை. யோசிச்சுப் பாரு."

பிரவீனா யோசித்துப் பார்த்தாள். சொந்தக்காரர் இல்லாத ஊரில் இருக்கிறாள் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

"மொதல்ல சுவிட்ச்ச மாட்டி, எல்லா வயரையும் ஒழுங்கு பண்ணிடறனுங்க. மத்ததைப் பொறவு பேசிக்கலாம்" என்றாள். முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவருக்கு அது சரி என்றே கேட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டார்.

வெளியே வந்தபோது ஆபீஸ் முழுவதும் அவளைத்தான் பார்த்தது. சனிக்கிழமை. பில் போடும் பெண்கள் இருவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கணக்குப் பார்க்கும் தங்கமுத்து எழுந்து வந்து, "எந்த ரூம்ல வேலை அம்மிணி? நானும் கூட வாரேன். எல்லாம் பழைய வயரு, உனக்குத் தெரியாது" என்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். விபூதி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பட்டன் போன் ஒன்று, டச் போன் ஒன்று. போன தடவை கேமரா மாட்டியபோது அவர் இருந்த இடத்தைவிட்டு எழுந்ததே இல்லை.

தேவிப்ரியா ஜன்னலோரம் இருந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயது. பெரிய திரையில் தறிக்கான டிசைன் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பிரவீனா பக்கத்தில் வந்ததும் அதைச் சுருக்கி வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி நேராகவே கேட்டாள்.

"அக்கா, சுவிட்ச் மாத்தறதுக்கு எதுக்கு கதவைச் சாத்திட்டுப் பேசணும்?"

"ஏசி போட்டிருந்தாங்க."

"தினம்தான் ஏசி போடறாரு. கதவு தெறந்துதான் இருக்கும்."

பிரவீனாவுக்கு முகம் சுட்டது. மேஜைக்கு அடியில் குனிந்து வயரைத் தேடுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வேலையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாள். அப்போதுதான் எல்லோருடைய கம்ப்யூட்டரையும் கொஞ்ச நேரம் நிறுத்த முடியும். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒரு சின்ன ரூம். அங்கே சுவரில் இரும்புக் கூடு ஒன்றில் பழைய சுவிட்ச் கிடந்தது. ஆபீசில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டர்களின் வயரும் வந்து சேருகிற பெட்டி அது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டியதைத் தள்ளிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று யாருக்கும் சொல்லாது. புதிய பெட்டி சொல்லும். இரண்டுக்கும் அதுதான் வித்தியாசம்.

பழைய பெட்டியின் ஃபேன் நின்றுபோயிருந்தது. மேலே தூசி திரித்த பஞ்சு மாதிரி படிந்திருந்தது. பின்பக்கம் பல்லி முட்டை இரண்டு. இடம் போதாமல் யாரோ இன்னும் இரண்டு சின்னப் பெட்டிகளை அதிலிருந்து கோர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நெட் அடிக்கடி நின்றுபோனதற்கு அதுவே போதும்.

வயரை ஒவ்வொன்றாக எடுத்து, அது எந்த மேஜைக்குப் போகிறது என்று பார்த்து, நுனியில் சீட்டு ஒட்டினாள். தங்கமுத்து கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஆள் பேர் சொன்னார். பில்லிங், பிரிண்டர், கேமரா பெட்டி, கைரேகை மெஷின், முதலாளி ரூம், டிசைன். எல்லாம் சாம்பல் நிறம். கடைசியில் ஒரு பச்சை வயர் மிஞ்சியது. பழசு, தோல் விறைத்துப்போன வயர். சுவரோடு மேலே ஏறி, பால்ஸ் சீலிங்குக்குள் போய் மறைந்திருந்தது.

"இது ஆருதுங்க?"

"அது ரொம்பப் பழசு அம்மிணி. செத்த வயரு. உட்டுரு."

"செத்த வயர்ல லைட்டு மின்னாதுங்க."

பழைய பெட்டியில் அந்த வயர் சொருகியிருந்த ஓட்டைக்கு மேலே பச்சை விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. தங்கமுத்து அதைப் பார்த்தார். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஏதாச்சும் இருக்கும்" என்றார்.

பழைய பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்து, புதியதைக் கூட்டில் வைத்து நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கினாள். எர்த் வயரைச் சேர்த்தாள். வயர்களை வரிசையாகச் சொருகினாள். பச்சை வயருக்குப் பத்தொன்பதாவது ஓட்டை, அதாவது பத்தொன்பதாவது போர்ட் வந்தது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டில் உள்ளே போய், ஒவ்வொரு போர்ட்டுக்கும் பேர் கொடுத்தாள்.

யாருடையது என்று தெரியாமல் பேர் கொடுக்காமல் விட்ட பத்தொன்பதாவது போர்ட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் பேர் 'ஆபீஸ்-7'.

பிரவீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஆபீசில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் பேர். ஆபீஸ்-1 முதலாளியுடையது, 2 தங்கமுத்துவுடையது, இப்படியே போகும். மேஜை மேஜையாகப் போய்ச் சீட்டு ஒட்டியபோது ஆறுக்கு அடுத்து எட்டுதான் இருந்தது. ஏழு ரிப்பேராகித் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

அது போகட்டும் என்று வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த நேரத்தில் அப்படி ஒரு எண்ணமும் வந்தது. ஆனால் விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. யாரோ எதையோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளியங்கிரியின் ரூமுக்குப் போய், "டிசைன் எல்லாம் சேத்து வெச்சிருக்கற பெரிய கம்ப்யூட்டரைத் தெறந்து காட்டுங்கண்ணா" என்றாள். அவர் பாஸ்வேர்ட் போட்டுத் திறந்தார். இப்போது யார் யார் இதற்குள் இருக்கிறார்கள் என்று காட்டுகிற பக்கத்துக்குப் போனாள். இரண்டு வரி இருந்தது. ஒன்று தேவிப்ரியா. இன்னொன்று ஆபீஸ்-7. அது திறந்து வைத்திருந்தது 'டிசைன்' என்ற ஃபோல்டர். அந்த ஃபோல்டருக்குப் பூட்டே இல்லை. இந்த நெட்வொர்க்குக்குள் இருக்கும் எவரும் திறக்கலாம்.

"ஆபீஸ்-7 எங்கண்ணா இருக்குது?"

வெள்ளியங்கிரி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேமரா மாட்டுனது நீதான அம்மிணி?"

"ஆமாங்கண்ணா."

"அன்னிக்கு நீ ஒரு நாள் பூராம் சீலிங்குக்குள்ளதான் இருந்த. அப்ப ஒரு வயரை உட்டுட்டுப் போயிருந்தீன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தன்னை நம்பிப் பேசிய மனிதருக்கு, தன்மேல் சந்தேகப்பட ஒரு வாக்கியம் கூட முழுசாகத் தேவைப்படவில்லை. தேவிப்ரியா இடத்தில் இப்போது அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் போடற வயரெல்லாம் சாம்பல் கலருங்க. ரெண்டு முனையிலயும் என் சீட்டு இருக்கும். இது பச்சை. நீங்களே ஏணி பிடிங்க. எங்க போகுதுன்னு உங்க கண்ணு முன்னாடியே பாத்துடலாம்."

அவளிடம் வயர் தேடும் கருவி ஒன்று உண்டு. வயரின் ஒரு முனையில் சின்னப் பெட்டியை மாட்டிவிட்டால், பேனா மாதிரி இருக்கும் இன்னொன்றை அந்த வயர் போகிற பாதைக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது கிய் கிய் என்று கத்தும். பத்தொன்பதிலிருந்து பச்சை வயரைக் கழற்றிப் பெட்டியில் மாட்டினாள். ஏணியில் ஏறி சீலிங் பலகை ஒன்றைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே விட்டாள். உள்ளே சூடும் எலிப் புழுக்கை நாற்றமுமாக இருந்தது. பேனா கத்தியது.

கீழே வெள்ளியங்கிரி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏணியை நகர்த்த நகர்த்த, சாப்பிட்டு முடித்து வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். தேவிப்ரியா கையைக் கட்டிக்கொண்டு தன் மேஜையருகே நின்றாள். தங்கமுத்து மட்டும் தன் இடத்தில் உட்கார்ந்து, திறக்காத பேரேட்டின் மேல் கையை வைத்திருந்தார்.

வயர் பில்லிங் மேஜைக்கு மேலே போய், தேவிப்ரியாவின் ஜன்னலுக்கு மேலே போனது. அங்கே வெள்ளியங்கிரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஆனால் வயர் அங்கே இறங்கவில்லை. அதைத் தாண்டி, ஆபீசின் கடைசிச் சுவர் வரைக்கும் போய், சுவரின் உச்சியில் இருந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றுக்குள் நுழைந்தது. அந்தச் சுவர் மற்றச் சுவர்களைப் போல் செங்கல் இல்லை. ஹாலோ பிளாக். பிற்பாடு எழுப்பிய சுவர். கட்டினவர்கள் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள்.

"இந்தச் சுவத்துக்கு அக்கட்ட என்னங்கண்ணா?"

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளியங்கிரி ஏணியை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோகன் ஆபீசு" என்றார்.

மோகன்குமார் அவருடைய தம்பி. பன்னிரண்டு வயது இளையவர். அஞ்சு வருடத்துக்கு முன்வரை இது முழுக்க ஒரே ஆபீஸ், ஒரே கம்பெனி. பாகம் பிரித்தபோது கட்டிடத்தையும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். பெட்சீட் அண்ணனுக்கு, துண்டு தம்பிக்கு, ஒருத்தர் சரக்கை ஒருத்தர் தொடக் கூடாது என்று பேச்சு. தறி பிரித்தார்கள், டெம்போ பிரித்தார்கள், கம்ப்யூட்டரைக்கூட எண்ணிப் பிரித்தார்கள். அப்படித்தான் ஏழாம் நம்பர் அந்தப் பக்கம் போனது. சீலிங்குக்குள் இருக்கும் வயரைப் பற்றி எவருக்கும் ஞாபகம் வரவில்லை, அல்லது வந்தும் சொல்லவில்லை. பாகத்துக்குப் பின் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதும் இல்லை.

"அறுத்துப் போடு" என்றார் வெள்ளியங்கிரி.

"அறுக்க வேண்டாங்கண்ணா. நாளைக்கு ஆரு எப்ப அறுத்தாங்கன்னு ஒரு பேச்சு வரும். வயரைத் திரும்பச் சொருகிட்டு, சுவிட்ச்சுலேயே அந்தப் போர்ட்டை மூடிடறேன். எத்தனை மணிக்கு மூடுனோம்னு அதுலயே பதிவாயிடும்."

அவர் கூடவே சின்ன ரூமுக்கு வந்தார். பச்சை வயரை மறுபடி சொருகினாள். விளக்கு எரிந்தது, மின்ன ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வேலை தொடர்ந்தது. கொஞ்ச நேரம் இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு அவள் லேப்டாப்பில் ஒரு கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தாள். விளக்கு அணைந்தது.

அவர்கள் ரூமைவிட்டு வெளியே வந்து ரெண்டு பேச்சுப் பேசியிருப்பார்கள். தங்கமுத்துவின் மேஜை மேலிருந்த டச் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பக்கத்தில் நின்ற பில்லிங் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே, "சின்னவருன்னு வருதுங்க" என்றாள்.

அந்தக் கம்பெனியில் மோகன்குமாரை எல்லோரும் சின்னவர் என்றுதான் சொல்வார்கள்.

"எடுங்க தங்கமுத்து" என்றார் வெள்ளியங்கிரி. "எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடுங்க."

தங்கமுத்து தொட்டதில் முதல் தடவை பட்டன் படவில்லை. பிறகு குரல் வந்தது.

"தங்கமுத்தண்ணா, அக்கட்ட நெட்டு ஏதாச்சும் மாத்தறீங்களா? மத்தியானத்துல இருந்து வந்து வந்து போகுது, இப்ப டிசைன் போல்டர் தெறக்க மாட்டீங்குது."

"எந்த டிசைன் மோகனு?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி.

தறிச் சத்தம் மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டது. போனுக்குள் கேட்டதும் அதே சத்தம்தான்.

"அண்ணா" என்றது போன்.

"சொல்லு."

"அது… அது எப்பவுமே வந்துட்டிருந்துச்சுங்கண்ணா. சுவரு வெச்ச பொறவும் வந்துச்சு. நீங்க வேணும்னேதான் உட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நான் எதுக்குடா உட்டு வெக்கறேன்?"

"தெரியலைங்கண்ணா. தம்பின்னு இருக்கும்னு நெனச்சேன். நீங்க வாயில சொல்ல மாட்டீங்களே."

வெள்ளியங்கிரி போனைக் கையில் எடுத்தார். பிறகு போனை அணைத்து மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை. தம்பி சொன்னதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் போட்டுப் பார்க்கிற ஆள் மாதிரி நின்றார். மெய்யாகவே அப்படி நினைத்திருப்பானா, இல்லை மாட்டிக்கொண்ட நொடியில் அப்படிச் சொல்லத் தோன்றியதா. நேராக நின்று சொல்லியிருந்தால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார். நடுவில் சுவர் இருந்தது.

"உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?" என்று தங்கமுத்துவிடம் கேட்டார்.

"பாகம் பிரிச்சப்ப பழைய வருசத்துக் கணக்கெல்லாம் அவரு பக்கமும் வேணும்னு கேட்டாருங்க மொதலாளி. ஒரு மாசத்துக்கு வயரு இருக்கட்டும்னாரு. சரின்னு உட்டேன். பொறவு நானும் மறந்துட்டேன், அவரும் கேக்கலை."

"மறந்தவரு எதுக்குக் காலையிலிருந்து இந்த அம்மிணி பின்னாலயே சுத்துனீங்க?"

தங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "ஞாபகம் வந்தப்ப ரொம்ப நாளாயிருச்சுங்க. அப்ப சொன்னா, இத்தனை நாளா ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க. டிசைனை எடுக்கறாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"அப்புறம் ஏன் போல்டர் தெறக்கலைன்னு உங்களைக் கூப்பிடறான்?"

தங்கமுத்து பேரேட்டை மேஜை ஓரமாகத் தள்ளி வைத்தார். வீட்டுக்குப் போகச் சொன்னார் வெள்ளியங்கிரி. திங்கட்கிழமை வரலாமா என்று தங்கமுத்து கேட்டார். "கூப்பிடறேன்" என்றார் முதலாளி. இருபது வருடமாகக் கூட இருந்தவர் போனை எடுத்துக்கொண்டு போகாமல் மறந்து வாசல் வரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மீதி வேலை சீக்கிரம் முடிந்தது. டிசைன் ஃபோல்டருக்குப் பூட்டுப் போட்டு, தேவிப்ரியாவும் முதலாளியும் மட்டும் திறக்கிற மாதிரி செய்தாள். டிசைன் கம்ப்யூட்டர்களைத் தனியாகவும், பில்லிங்கைத் தனியாகவும், வந்து போகிறவர்களின் வைஃபையைத் தனியாகவும் சுவிட்சுக்குள்ளேயே பிரித்தாள். ஒரு வயரில் இருப்பவர் இன்னொரு கூட்டத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. காலியாக இருந்த எல்லா போர்ட்டையும் மூடினாள்.

கடைசியாகப் பாஸ்வேர்ட். "நீங்களே போடுங்கண்ணா" என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீ அக்கட்ட திரும்பிக்க" என்றார்.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஒற்றை விரலால் அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது கேட்டது. இரண்டு தடவை தப்பாகப் போட்டு மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. அந்தப் பாஸ்வேர்ட் அவருக்கே நாளைக்கு ஞாபகம் இருக்குமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் எதையும் சொல்கிற நேரம் அதுவல்ல.

"இப்ப அந்த மிரரையும் போட்டுடு அம்மிணி."

அவள் திரும்பினாள். "ஆருக்குங்கண்ணா? அந்தப் புள்ள மேல தப்பில்லைன்னு தெரிஞ்சு போச்சே."

"அவளுக்கு மட்டுமில்லை. எல்லாருக்கும். இருபது வருசமா இருக்கறவரே இப்படின்னா நான் ஆரை நம்பறது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. காலையில் ஒருத்தியைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தவர், உண்மை தெரிந்ததும் எல்லோரையும் சந்தேகப்படுகிறவராக ஆகியிருந்தார். கண்டுபிடித்துக் கொடுத்தது அவள்தான்.

"எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, இந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பண்றதைப் பாப்பேன்னு சொல்லிடுங்க. சொல்லிட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. வந்து போட்டுத் தாரேன். சொல்லாம நான் போட மாட்டனுங்கண்ணா."

"வேற ஆளை வெச்சுப் போட்டுக்குவேன்."

"சரிங்க."

வெள்ளியங்கிரி தன் போனை எடுத்தார். முன்பே பேசிய தொகையைக் குறையாமல் அதிலேயே அவளுக்கு அனுப்பிவிட்டு, "பாத்துப் போ, சாமி. பைபாஸ்ல வண்டி கூட்டமா இருக்கும்" என்றார். அந்த அக்கறையிலும் பொய் இல்லை.

வேனில் ஏணி, கருவி எல்லாம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது தேவிப்ரியா பையோடு வந்து நின்றாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹாஸ்டலிலிருந்து ஊருக்குப் போகிறவள். சங்ககிரி வரை இறக்கிவிட முடியுமா என்று கேட்டாள். பிரவீனா முன் கதவைத் திறந்துவிட்டாள்.

வேன் பைபாஸில் ஏறியது. பிறகு தேவிப்ரியா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"காலையில கதவைச் சாத்திட்டு என் லைனைத்தான் பாக்கச் சொன்னாரு, இல்லக்கா?"

முதலாளி சொன்னதை வெளியில் சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலில் உள்ள வழக்கம். பிரவீனா அதை இதுவரை மீறியதில்லை.

"ஆமா" என்றாள். "நான் போடலை."

"போட்டிருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்?"

"எந்த ஊருக்கு, எந்தக் கம்பெனிக்கு நீ எவ்வளவு பெரிசா அனுப்பறேங்கறது தெரிஞ்சிருக்கும்."

தேவிப்ரியா சிரித்தாள். சந்தோஷத்தில் சிரிக்கிற சிரிப்பாக இல்லை.

"திருப்பூர்ல ஒரு கம்பெனிக்கு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்க்கா. நான் காலேஜ்ல படிக்கிறப்ப போட்ட டிசைன் எல்லாம் பெரிய பெரிய ஃபைலா போன வாரத்துல இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் அனுப்பிட்டிருந்தேன். ஹாஸ்டல்ல நெட்டு நிக்காது. நீங்க அதைப் போட்டிருந்தா, இன்னொரு டெக்ஸ்டைல் கம்பெனிக்கு டிசைன் அனுப்பறான்னு அப்படியே தெரிஞ்சிருக்கும். நான் என்ன சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டாங்க."

காலையில் அவர் சொன்னபடியே அதை முதல் வேலையாகப் போட்டுக் கொடுத்திருந்தால், பச்சை வயரைத் தேடவே வேண்டியிருந்திருக்காது. ஒரு மணி நேரத்தில் திருடி என்று ஒருத்தி கிடைத்திருப்பாள். எல்லோரும் திருப்தியாகச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

சங்ககிரி பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினாள். தேவிப்ரியா இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா, வரேன்" என்றாள். சேலம் பஸ் ஒன்று கிளம்பத் தயாராக இருந்தது. ஓடிப்போய் அதில் ஏறினாள்.

அவள் போன பிறகு, காலேஜில் போட்ட டிசைன்கள்தானா அவை, வேறு எதுவும் கூடப் போயிருக்குமா என்று பிரவீனாவின் மனசுக்குள் ஒரு கேள்வி வந்தது. வந்த வேகத்திலேயே அதற்காக வெட்கப்பட்டாள். ஒரு நாள் முழுக்க அந்தக் காற்றில் இருந்ததில் தனக்கும் அது தொற்றிவிட்டது என்று தெரிந்தது.

மாதம் முடிவதற்குள் தேவிப்ரியா வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர் போய்ச் சேர்ந்தாள். வெள்ளியங்கிரி இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றாராம். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவில்லையாம். தங்கமுத்துவை மறுபடி சேர்த்துக்கொண்டார். ஆனால் அவர் மேஜை இப்போது முதலாளியின் ரூமுக்குள், அவர் கண்ணுக்கு நேராக இருக்கிறதாம். இதெல்லாம் தேவிப்ரியா போனில் சொன்னவை.

பிரவீனாவுக்கு வெள்ளியங்கிரியிடமிருந்து போன் வரவில்லை. அவரால் குமாரபாளையத்தில் வேறு வேலையும் வரவில்லை. பவானியில் ஒரு ஜமக்காளக் கடைக்கு கேமரா மாட்டப் போனபோது, அந்த முதலாளி அவளை உட்காரச் சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தப் பார்த்தார்.

"தெறந்தே இருக்கட்டுங்க" என்றாள் பிரவீனா. "சொல்லுங்க, எத்தனை கேமரா வேணும்?"